வெள்ளிக்கிழமைத் தட்டில் தொடங்குவோம்: யாழ்ப்பாணத்தில் ஊர் மரக்கறியோடு சைவமாகச் சாப்பிடப் பழகும் வழி

யாழ்ப்பாணத்தில் சைவச் சாப்பாட்டை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை என்றால் பெரும்பாலான சைவ வீடுகளில் மச்சம், அதாவது மீன், இறைச்சி, முட்டை, அடுப்பேறாது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள், திருவெம்பாவைக்குப் பத்து நாள், நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாள் என்று வருடம் முழுக்க விரத நாட்கள் வந்துகொண்டே இருக்கும். தவக்காலத்தில் கிறிஸ்தவ வீடுகளிலும் இறைச்சி குறையும். ஆகவே, மரக்கறியைக் கூட்டிச் சாப்பிடலாம் என்று நினைக்கிறவருக்கு இங்கே துணைக்கு ஆளும் உண்டு, கைப்பக்குவம் சொல்லித்தர வீட்டுக்கு வீடு ஒருவரும் உண்டு.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமைத் தட்டை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பருப்புக்கறி மைசூர்ப் பருப்பில் வைத்தது. அது பெரும்பாலும் கனடாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ கப்பலில் வந்திருக்கும். பெரிய வெங்காயம் இந்தியாவிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கு பருவம் இல்லாத மாதமென்றால் இந்தியா அல்லது பாகிஸ்தான். இரவுக்குக் கோதுமை மாப் பிட்டு. கோதுமை எங்கள் நாட்டில் விளைவிக்கப்படுவதே இல்லை. தேத்தண்ணிக்குப் போட்ட பால்மா பெரும்பாலும் நியூசிலாந்து. தட்டு முழுவதும் சைவம்தான், ஆனால் எங்கள் மண்ணில் விளைந்தது அதில் பாதிகூட இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பயித்தங்காய் முற்றிப் போய்க்கொண்டிருக்கும்.

சைவமாகச் சாப்பிடுவது ஒரு பழக்கம், ஊரில் விளைந்ததைச் சாப்பிடுவது இன்னொரு பழக்கம். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் உடம்புக்கும் தோட்டக்காரருக்கும் நன்மை. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து குடியேறியவர்கள், வேலை மாற்றலில் வந்தவர்கள், அறை எடுத்துப் படிக்கிற பிள்ளைகள், இத்தனை வருடம் இங்கேயே இருந்தும் சந்தைப் பக்கம் போகாதவர்கள் எல்லோரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கிழமை எழுதிப் பாருங்கள்

எதையும் உடனே மாற்ற வேண்டாம். ஒரு கொப்பியில் காலை, மதியம், இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எந்த ஊர் என்றும் எழுதுங்கள். தெரியாவிட்டால் கேள்விக்குறி போடுங்கள். கிழமை முடிவில் கேள்விக்குறிகள்தான் அதிகம் இருக்கும். இனிச் சந்தையில் என்னென்ன கேட்க வேண்டும் என்பது அந்தக் கேள்விக்குறிகளிலேயே இருக்கிறது.

பிறகு நாட்களைத் தெரிவு செய்யுங்கள்

"இன்று முதல் மீனைத் தொடமாட்டேன்" என்று ஒரே நாளில் சபதம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அடுத்த மாதமே கைவிட்டுவிடுகிறார்கள். இங்கே கடலும் கிட்ட, மீனும் நல்ல மீன். அதனால் ஏற்கெனவே இருக்கிற நாளில் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமையை உறுதியாகப் பிடியுங்கள். அது பழகிய பின் செவ்வாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறு நாள் கந்தசஷ்டி, அதற்குப் பிறகு நல்லூர்க் காலம். ஆடி, ஆவணியில் வரும் அந்த 25 நாளும் யாழ்ப்பாண நகரமே உங்களோடு சேர்ந்து சைவமாக இருக்கும். கடைகளிலும் சைவம், போகிற வீடுகளிலும் சைவம். நீண்ட காலம் முயன்று பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சமய நம்பிக்கை இல்லாதவரும் இந்த நாட்களைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வீட்டில் மற்றவர்கள் மச்சம் சாப்பிடுவார்கள் என்றால் முதலில் சட்டியைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் மச்சச்சட்டி, மச்ச அகப்பை என்று தனியாகவே வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் இல்லையென்றால் ஒரு மண்சட்டியும் ஒரு அகப்பையும் வாங்கி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பாதி, சமைக்கிறவரின் மனது. அம்மாவிடம் போய் "நான் இனிச் சைவம்" என்று அறிவித்தால், தன் மீன்குழம்பைப் பிள்ளை வேண்டாம் என்கிறதே என்றுதான் அவருக்குப் படும். அதைவிட, "அம்மா, அம்மம்மா விரதத்துக்கு என்னென்ன கறி வைக்கிறவா?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு தலைமுறையாக மறந்துபோன கறிகள் எல்லாம் வெளியே வரும்.

மறைந்திருக்கும் மச்சத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போடும் வழக்கம் உண்டு. சீனிச்சம்பலில் அது இன்னும் அதிகம். மரக்கறிக் கொத்து என்று கேட்டு வாங்கினாலும் அதே தட்டில்தான் இறைச்சிக் கொத்தும் அடிபட்டிருக்கும். அதைப் பொருட்படுத்துவதா இல்லையா என்பது உங்கள் முடிவு. முட்டையும் அப்படியே. எங்கள் வழக்கத்தில் பால், தயிர், மோர், நெய் எல்லாம் சைவம்; முட்டை மச்சம். எதை எங்கே நிறுத்துவது என்பதை முதலிலேயே நீங்கள் தீர்மானித்துவிட்டால் ஒவ்வொரு விருந்திலும் புதிதாக விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சந்தைக்குப் போங்கள், கேள்வி கேளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். குளிரூட்டிய கடையில் பொலித்தீன் சுற்றி அடுக்கி வைத்த மரக்கறி எங்கிருந்து வந்தது என்று அங்கே நிற்கும் பிள்ளைக்குத் தெரியாது. சந்தையில் இருப்பவருக்குத் தெரியும். திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம், அச்சுவேலி, சங்கானை, நெல்லியடி, சாவகச்சேரி, கொடிகாமம் என்று குடாநாடு முழுக்கச் சந்தைகள் இருக்கின்றன. உங்களுக்குக் கிட்டவுள்ள ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாம்பழம், பிலாப்பழம், தேங்காய் என்றால் தென்மராட்சிப் பக்கம், அதாவது கொடிகாமமும் சாவகச்சேரியும். வாழைக்குலை என்றால் நீர்வேலி. கத்தரிக்காய்க்கு மட்டுவில் பேர்பெற்றது.

விடியப் போங்கள். பெரிய வியாபாரிகளைத் தாண்டி உள்ளே நடந்தால், சாக்கு விரித்து நாலு கட்டுக் கீரையும் கொஞ்சம் பாவற்காயும் ஒரு வாழைப்பொத்தியும் கூறு போட்டு வைத்துக்கொண்டு வயதான அம்மாமார் இருப்பார்கள். நீங்கள் தேடிப் போக வேண்டியது அவர்களைத்தான்.

"இது எந்த ஊர்க் கத்தரிக்காய், அம்மா?"

"எங்கட தோட்டத்துக் காய்தான் பிள்ளை, கோப்பாய். இண்டைக்கு விடிய ஆய்ஞ்சது. காம்பைப் பாருங்கோ."

காம்பைப் பாருங்கள், உண்மையிலேயே. அன்று ஆய்ந்த கத்தரிக்காயின் காம்பு பச்சையாக இருக்கும், அதிலுள்ள சின்ன முள் விரலில் குத்தும், தோல் மினுங்கும். மூன்று நாள் லொறியிலும் கடையிலும் கிடந்ததென்றால் காம்பு மண்ணிறமாகிச் சுருங்கியிருக்கும். பயித்தங்காயை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் வேண்டாம். கீரைக்கட்டின் வேரைப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண் ஒட்டியிருந்தால் அது இந்த ஊர்க் கீரைதான் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

உருளைக்கிழங்கில் மட்டும் மண்ணை நம்பி வாங்காதீர்கள். இறக்குமதிக் கிழங்கில் மண் தடவி உள்ளூர்க் கிழங்காக விற்கும் வேலை நாட்டில் நடந்திருக்கிறது. யாழ்ப்பாணக் கிழங்கு மாசி, பங்குனியில்தான் கிண்டப்படும். புரட்டாசியில் ஒருவர் "ஊர்க் கிழங்கு" என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

"இது தம்புள்ளையால வந்தது" என்று ஒரு வியாபாரி நேராகச் சொன்னால் அவரிடம் நம்பி வாங்கலாம். போஞ்சி, லீக்ஸ் போன்றவை மலைநாட்டிலிருந்து தம்புள்ளை வழியாகத்தான் வரும். அதில் பிழை எதுவும் இல்லை; அதுவும் எங்கள் நாட்டுத் தோட்டக்காரர் விளைவித்ததுதான். ஊர்க்காய் இருக்கும் இடத்தில் ஊர்க்காய், இல்லாத இடத்தில் நாட்டுக்காய், அதுவும் இல்லாவிட்டால் மட்டும் கப்பலில் வந்தது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் போங்கள். முதல் மாதம் அவர் உங்களை ஒரு வாடிக்கையாளராகத்தான் பார்ப்பார். பிறகு, "நாளைக்கு முசுட்டையிலை கொண்டு வாறன், வாங்கோ" என்று சொல்லத் தொடங்குவார். நல்ல சாமான் உங்கள் கைக்கு வருவது அப்படித்தான். பையைக் கையோடு கொண்டு போங்கள். பனையோலைக் கடகம் இருந்தால் இன்னும் நல்லது, கீரை நசியாது.

மாதத்தைப் பார்த்துச் சமையலைத் தீர்மானியுங்கள்

எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்கிறது. அதைத்தான் கிணற்றால் இறைத்து ஒன்பது மாதம் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் விடுகிறோம். அந்த நன்னீருக்குக் கீழே உப்புத் தண்ணீர் இருக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். ஆகவே பருவத்துக்கு ஏற்றதைச் சாப்பிடுவது இங்கே தண்ணீரையும் காக்கிற வேலை. தட்டிலுள்ள ஒவ்வொரு காய்க்குப் பின்னாலும் ஒரு கிணறு இருக்கிறது.

தை, மாசி வருடத்திலேயே வளமான காலம். மழையை நம்பி விதைத்த நெல் அறுவடையாகும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்களின் புது அரிசி கிடைத்தால் விடாதீர்கள். சந்தையில் கத்தரிக்காய், தக்காளி, கோவா, பீற்றூட், கரட் எல்லாம் ஊர்த்தோட்டத்திலிருந்தே வரும். இராசவள்ளிக்கிழங்கு வரும், தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டு அந்த ஊதாநிறக் களியைக் காய்ச்சிக் குடித்தவருக்கு வேறு இனிப்புத் தேவைப்படாது. பனங்கிழங்கும் இந்த நாட்களில்தான்.

பங்குனி, சித்திரையில் உருளைக்கிழங்கும் சின்ன வெங்காயமும் வந்து குவியும். வெங்காயத்தைப் பிடியாகக் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும்.

வைகாசி முதல் ஆடி வரை மாம்பழமும் பிலாப்பழமும். கறுத்தக்கொழும்பான், விலாட், அம்பலவி, செம்பாட்டான் என்று ஒவ்வொன்றாய் வரும். இந்த மாதங்களில் இறக்குமதி அப்பிளுக்குக் காசு கொடுப்பதை நினைத்தாலே எனக்கு மனம் பொறுக்காது. பிலாக்காயைக் கறிக்கும், கொட்டையைப் பிரட்டலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மச்சம் விட்டவர்கள் வாய்க்குப் பதமாக ஏதாவது வேண்டும் என்று ஏங்கும்போது, சரக்குத்தூள் போட்டுப் பிரட்டிய பிஞ்சுப் பிலாக்காய் அந்த ஏக்கத்தைத் தீர்க்கும். நுங்கும் இந்தக் காலம்தான்.

ஆவணி, புரட்டாசி வரண்ட காலம். மரக்கறி குறையும், பனம்பழம் விழும். மரவள்ளி, வாழைக்காய், பூசணி, நீத்துப்பூசணி ஆகியவைதான் கைகொடுக்கும். மரவள்ளியைத் தோல் சீவி, நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கினால் தோட்டங்களில் வெள்ளம் நின்று மரக்கறி விலை ஏறும். முருங்கைப்பூ மழைக்குக் கொட்டிவிடும், காயும் அருமையாகும். அதே மழைதான் வேலியெல்லாம் முசுட்டையைப் படர விடும், சாரணையையும் பொன்னாங்காணியையும் தளதளவென்று எழுப்பும். கார்த்திகையில் கோவா விலையைப் பார்த்துத் திகைத்து நிற்பதை விட்டு இலைக்கறிப் பக்கம் திரும்புங்கள். வேலியில் பறிப்பதென்றால் இலை தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். படத்தைப் பார்த்து அடையாளம் பிடிக்க வேண்டாம்.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

கொப்பியில் எழுதிய பட்டியலை இப்போது எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சாமான் மட்டும்.

பருப்பில் தொடங்குவது சுலபம். மைசூர்ப் பருப்புக்குப் பதில் பயறு, கௌபி, உழுந்து. வன்னியிலும் வவுனியாப் பக்கத்திலும் இவை விளைகின்றன. பயற்றை இலேசாக வறுத்து உடைத்து, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தால் பருப்புக்கறியைவிட வாசமாக இருக்கும். முழுதாக மாற்ற மனமில்லாவிட்டால் பாதிக்குப் பாதி.

மா விஷயத்தில் கொஞ்சம் பொறுமை தேவை. எங்கள் பிட்டும் இடியப்பமும் அரிசிமாவில் அவித்தவைதான். கோதுமை மா மலிவாக, சுலபமாகக் கிடைத்ததால் மெல்ல உள்ளே வந்துவிட்டது. சிவப்பரிசி மாவை வறுத்து அவிக்கும் பிட்டுக்குக் கைப்பக்குவம் வர நாலைந்து தரம் ஆகும். குரக்கன் பிட்டு இன்னும் சுலபம், நீரிழிவுக்காரரும் அளவோடு சாப்பிடலாம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவையும் பழகிப் பாருங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒடியல் மாவில் கயர்ப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை ஊற்றி, திரும்ப ஊறவிட்டு, துணியில் பிழிந்துதான் பிட்டோ கூழோ செய்ய வேண்டும். இந்தக் கழுவலைச் சுருக்கக்கூடாது. அது ருசிக்காக மட்டும் செய்கிற வேலை இல்லை, உடம்புக்கு ஒவ்வாத பொருளும் அந்தத் தண்ணீரோடுதான் போகிறது. ஒடியல் கூழ் என்றால் மீனும் நண்டும் இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள். பயித்தங்காய், பிலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, பழப்புளி, செத்தல் மிளகாய் போட்டுச் சைவக்கூழ் காய்ச்சுங்கள். அதைச் சுற்றியும் ஆட்கள் வட்டமாகக் கூடுவார்கள்.

பெரிய வெங்காயத்துக்குச் சின்ன வெங்காயம். உரிக்க நேரம் எடுக்கும், கண்ணும் எரியும். ஆனால் பால்கறியில் அதன் இனிப்பைப் பெரிய வெங்காயம் தராது. தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைத்து ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொள்ளுங்கள். பனங்கட்டியைப் பனை அபிவிருத்திச் சபையின் கடையிலோ கூட்டுறவுச் சங்கக் கடையிலோ வாங்கலாம். பால்மாவுக்குப் பதில் பக்கத்து வீட்டுப் பசும்பால், அல்லது கூட்டுறவுச் சங்கம் சேகரித்து விற்கும் பால். உப்புக்கு ஆனையிறவு. எண்ணெய்க்குச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும்.

இதெல்லாம் வீட்டுச் செலவுக் கணக்கோடு முடிகிற விஷயம் இல்லை. 1970களின் தொடக்கத்தில் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியபோது யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் நாடு முழுக்கப் போயின. தோட்டக்காரர் கல்வீடு கட்டினார், பிள்ளையைப் படிக்க வைத்தார். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வந்து அந்த விலை விழுந்தது. இன்றைக்கும் எங்கள் அறுவடை நேரத்தில் இறக்குமதி வெங்காயம் வந்து இறங்கினால், தோட்டத்திலேயே வெங்காயத்தை வைத்துக்கொண்டு தலையில் கைவைக்கிற நிலைதான். அரசாங்கக் கொள்கையை உங்களாலும் என்னாலும் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் பங்குனி மாதத்தில் எந்த வெங்காயத்தை வாங்குவது என்பதை நாங்கள்தான் தீர்மானிக்கிறோம்.

மூன்று கறி தெரிந்தால் போதும்

ஒரு பால்கறி, ஒரு பிரட்டல், ஒரு வறை. இந்த மூன்று முறையும் கைவந்துவிட்டால் சந்தையில் எந்தக் காய் கிடைத்தாலும் சமைக்கலாம். கூட ஒரு சொதி இருந்தால் விருந்து. பால்கறியில் முதலில் கப்பிப்பாலில், அதாவது பின்னால் பிழிந்த நீர்த்த தேங்காய்ப்பாலில், காயை அவித்து, கடைசியில் முதற்பால் விட்டு ஒரு கொதியில் இறக்க வேண்டும். பிரட்டலுக்கு வீட்டில் வறுத்து இடித்த தூள் வேண்டும். இந்த இரண்டையும் யாரிடமும் கேட்டுப் பழகலாம். வறையைத்தான் புதியவர்கள் கெடுத்துவிடுகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முருங்கையிலையை எடுத்துக்கொள்வோம். வளவில் இல்லாவிட்டாலும் பக்கத்து வளவில் நிச்சயம் இருக்கும். மாலையில் நாலு கொப்பு முறித்து, ஈரமில்லாத துணியில் இறுக்கிச் சுற்றி ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். விடியப் பிரித்து உதறினால் இலை தானாகக் கழன்று விழும். ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஈர்க்கை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுக் கழுவி, நன்றாகத் தண்ணீர் வடிய விடுங்கள். ஈரத்தோடு போட்டால் வறை களியாகிவிடும்.

தாச்சி சூடானதும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். கடுகு வெடித்ததும் இரண்டு செத்தல் மிளகாயை முறித்துப் போடுங்கள், பிறகு சின்னதாய் வெட்டிய வெங்காயம் ஒரு பிடி. வெங்காயம் பொன்னிறமாக வேண்டாம், வாசம் மாறினால் போதும். இலையைப் போட்டு, உப்புத் தூவி, மூடாமல் பிரட்டுங்கள். கைநிறையப் போட்ட இலை மூன்று, நாலு நிமிடத்தில் கால்வாசியாகச் சுருங்கும். அப்போது, மஞ்சள்தூள் பிசறி வைத்த தேங்காய்ப்பூவைச் சேர்த்து இரண்டு பிரட்டுப் பிரட்டி இறக்குங்கள். தேங்காய்ப்பூ வெந்து எண்ணெய் கக்கும்வரை அடுப்பில் விடக்கூடாது. இறக்கிய பிறகு பாதித் தேசிக்காய் பிழியுங்கள்; அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும். சுடச்சுடச் சிவப்பரிசிச் சோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

இதே முறையில் வல்லாரை, முசுட்டை, வாழைப்பொத்தி, கோவா எதையும் வறைக்கலாம். இலை தடிப்பமென்றால் இன்னும் பொடியாக அரிய வேண்டும், அவ்வளவுதான்.

உடம்புக்குக் குறை வராமல்

சோறும் கத்தரிக்காயும் மட்டும் சாப்பிட்டுவிட்டுச் சைவம் ஒத்துவரவில்லை, களைப்பாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஒவ்வொரு நாளும் ஒரு பயறு வகை கட்டாயம் இருக்கட்டும்: காலையில் அவித்த கடலையோ கௌபியோ, மதியம் பயறோ, இரவு உழுந்துத் தோசையோ. இரும்புச்சத்துக்கு இலைக்கறியும் பயறும். தேசிக்காய்ப்புளி சேர்ந்தால் அந்த இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அது குறையும். இந்த ஒரு பழக்கத்தை எங்கள் ஆட்கள் விடுவது கஷ்டம்தான். ஒரு மணித்தியாலம் தள்ளியாவது குடியுங்கள்.

விற்றமின் பி12 மரக்கறியில் கிடைக்காது. மீனையும் இறைச்சியையும் விட்டவர்களுக்கு அது பால், தயிர், முட்டை ஆகியவற்றில்தான் கிடைக்கும். பாலையும் விட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுப்பது அவசியம். கர்ப்பிணிகளும், வளரும் பிள்ளைகளுக்குச் சமைப்பவர்களும் மாற்றம் செய்யமுன் மருத்துவரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெளியில் சாப்பிடும்போது

நகரத்தில் சைவக்கடைகளுக்குக் குறைவில்லை. மதியச் சோற்றுக்கு அவை போதும். ஊர்ச் சாப்பாடு தேடினால், விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்துகிற அம்மாச்சி உணவகத்துக்குத் திருநெல்வேலியில் போய்ப் பாருங்கள். கண்முன்னே சுட்டுத் தருகிற தோசையும் குரக்கனில் செய்த பண்டங்களும் கூழ், கஞ்சி வகையும் குறைந்த விலையில் கிடைக்கும். அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: சோயாமீற்றும் நூடில்ஸும் சைவம்தான், ஆனால் தினமும் அதுவே சாப்பாடாக வேண்டாம். ஒரு அரிசிக் குக்கரில் சோறும், மேல் தட்டில் பயித்தங்காயும் பூசணியும் ஒன்றாக அவியும்.

மருந்தும் உரமும்

தோட்ட மரக்கறிக்கு மருந்தடிப்பது ஊரறிந்த விஷயம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று ஏறியிருப்பதற்குத் தோட்டத்தில் கொட்டும் உரமும் ஒரு காரணம். இதைக் கேட்டதும் கோபத்தோடு தோட்டக்காரரிடம் போகாதீர்கள். 2021இல் அசேதனப் பசளை, அதாவது இரசாயன உர, இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தபோது அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெறும் சேதனப் பசளைக்கு மாற நிலத்துக்கும் காலம் வேண்டும், அவருக்கும் நிச்சயமான விலை வேண்டும். "மருந்தடித்து எத்தனை நாளில் ஆய்கிறீர்கள் அண்ணை?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கூடையில் இரண்டு சூத்தைக் கத்தரிக்காய் இருந்தால் முகம் சுழிக்காமல் வாங்குங்கள். புழுவே படாத காய்தான் வேண்டும் என்று நாங்கள் கேட்பதால்தான் அவர் மருந்தை எடுக்கிறார். வீட்டுக்கு வந்ததும் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கோவாவின் வெளி இலைகளைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, வளவில் ஏதாவது நடுங்கள்

வளவு முழுக்கத் தோட்டமாக வேண்டியதில்லை. முற்றத்தில் ஒரு முருங்கைத்தடி, கிணற்றடியில் வல்லாரை, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற பக்கம் ஒரு வாழை, வேலியில் ஒரு முசுட்டைக் கொடி. வாடகை வீடென்றால் மூன்று சாக்கில் கத்தரி, பச்சை மிளகாய், தக்காளி. விதையும் நாற்றும் திருநெல்வேலியிலுள்ள விவசாயத் திணைக்களத்து நிலையத்தில் விசாரித்தால் கிடைக்கும். திருநெல்வேலி ஊதா என்ற கத்தரி இனம் இந்த மண்ணுக்கென்றே தெரிந்தெடுத்தது. மழைக்கு முன், புரட்டாசிக் கடைசியில் நாற்றுமேடை போட்டு, கடும் மழை ஓய்ந்த பிறகு நடுங்கள்; முன்கூட்டி நட்டால் வேர் அழுகிவிடும். முருங்கைத்தடி நடும்போது கைமொத்தத்துக்குக் குறையாத தடியாக எடுத்து, மேல்வெட்டில் சாணம் அப்பிவிடுங்கள். முதற்காய்ப்பில் நல்ல வடிவான இரண்டு கத்தரிக்காயை ஆயாமல் மரத்திலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டு, விதையைக் கழுவி, சாம்பலில் பிரட்டி நிழலில் காயவைத்துக் கடதாசிப் பையில் கட்டி வையுங்கள். அடுத்த புரட்டாசிக்கு உங்களுக்கும் போதும், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.